எண்ணிக் காட்டிய பெரியார் ஹாப்கின்

உலகிற் பெரியோர் பலர் தம் வீரத்தாலும் சொல்வன்மையாலும் புகழ் எய்தினர். மற்றுஞ் சிலர், தாம் கண்ட உண்மையைப் பிறரும் ஐயமறக் காணும்படி அளந்து காட்டியதனால் மன்னுயிர்க்குப் பேருதவி புரிந்தனர். இவ்விரண்டாம் வகையினருள் ஒருவர் வால்டெமார் ஹாப்கின் என்பார். வாந்திபேதிக்கும் பிளேக்கு என்னும் கொள்ளைநோய்க்கும் தடுப்பூசி கண்டு, அதனை நம் நாட்டிலேயே முதன் முதற் பெருவாரியாகச் சோதித்துக் காட்டியவர் இவரே. இவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இச்சரித்திரத்தைத் தேர்ந்தமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. இக்காலத்தில் செய்தித்தாளைத் திறந்தால், இன்ன மருந்து நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பயன் தருவது என்றும், இன்ன சோதனையின் முடிவு தற்செயலன்று என்றும் எழுதப்பட்டிருக்கக் காண்கின்றோம். நம்மிற் பலர் அச்சொற்களைக் கண்ணால் மேய்ந்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். மருந்து உண்பவர் நாம். குழந்தைகளுக்கு ஊசி குத்துவிப்பவர் நாம். ஆதலின் அச்சொற்களின் பொருளை அறிதல் நம் கடனேயாம். ஹாப்கின் வரலாற்றை அறிவோர்க்கு அப்பொருள் எளிதில் விளங்கும்.

நம் கடற்கரையும் கொள்ளைநோயும்

தூத்துக்குடி முதலாக மன்னார் வளைகுடாவை அடுத்துள்ள நம் முத்துக்குளித்துறைக்கு வாந்திபேதி புதியதன்று. அந்நாளில் முத்துச் சலாபம் கூடினால், மணற்பரப்பில் ஒரு மாதத்திற்குள் ஒரு நகரமே எழுந்துவிடும். குளிகாரரும், சம்மாட்டிகளும், பல நாட்டு வியாபாரிகளும் ஓலைக் கொட்டகைகளில் நெருங்கி வாழ்வர். சிப்பி அழுகும் நாற்றமும் ஈக்கூட்டமும் சொல்லி முடியா. நல்ல குடிநீரோ அரிது. இத்தகைய கூட்டத்திடையே வாந்திபேதி தோன்றிவிட்டால், குளிப்பையே நிறுத்திக் கூட்டத்தைக் கலைக்க நேரும். வளைகுடாவின் இரு கரையிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. இஃதன்றியும், 1914-ஆம் ஆண்டில் தனுஷ்கோடி வழி திறக்கப்படும் வரை இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரிற் பெருந்தொகையினர் தூத்துக்குடியிலேயே கப்பலேறினர். நோயைக் கடல் கடத்திவிடலாகாதென்று அவர்களைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்தி வைத்துப் பார்த்தே அனுப்பினர். எனவே ஹாப்கின் எந்தப் பகைவனோடு போர் தொடுத்தாரோ அப்பகைவனை நம் முன்னோர் நேரே அறிந்திருந்தனர்.

அம்முன்னோர் புள்ளியியலின் இரண்டு அடிப்படைகளையும் அறிந்திருந்தனர் என்றால் வியப்பாகத் தோன்றலாம். சலாபம் நடத்தலாமா என்று துணியுமுன், முத்துப்பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கிடுதல் வழக்கம். கடலடியில் இலட்சோபலட்சமாகக் கிடப்பவற்றை முழுத்தொகுதி என்றும், எடுத்து வந்த சில ஆயிரத்தை மாதிரி என்றும் புள்ளியியலார் கூறுவர். நூறு சிப்பியை மட்டும் திறந்து பார்த்தால், அதில் ஒரு பெருமுத்து அகப்பட்டாலும் கணக்குக் கெடும். ஒன்றும் அகப்படாவிடினும் கெடும். ஆதலின் மாதிரி போதிய அளவினதாக இருத்தல் வேண்டும். அன்றியும், வளமான ஒரு பாரிலிருந்தே எல்லாச் சிப்பியும் எடுத்தால் எத்தனை ஆயிரம் எடுத்தும் பயனில்லை. அதனை ஒருபாற் சாய்வு என்பர். முன்னது எண்ணிக்கையைப் பெருக்கினால் தீரும் குறை. பின்னது அவ்வாறு தீராத குறை. இவ்வேறுபாட்டை நெஞ்சிற் பதித்துக்கொள்ளுதல் நன்று.

மற்றொன்று குவியல் பிரிக்கும் முறை. இலங்கைக் கரைச் சலாபங்களில் படகிலிருந்து இறக்கிய சிப்பிகளைக் குளிகாரரே மூன்று குவியலாகப் பிரிப்பர். அவற்றுள் இரண்டு அரசாங்கத்திற்கு, ஒன்று குளிகாரருக்கு. எந்தக் குவியல் யாருக்கு என்பதைப் பிரித்து முடிந்த பின்னரே அதிகாரி சுட்டிக் காட்டுவார். முன்னதாகத் தெரியாமையால், பிரிப்பவர் மூன்றையும் ஒத்த அளவினதாகவும் ஒத்த தரத்தினதாகவும் பிரிப்பாரேயன்றி ஒன்றிற் பெரிய சிப்பிகளைச் சேர்க்க மாட்டார். அறியாமையே ஈண்டு நடுவுநிலைமைக்குக் காவலாயிற்று. இச்சிறு வழக்கத்தை மறவாமல் வைத்துக்கொண்டு இனி ஹாப்கின் வரலாற்றுக்கு வருவோம்.

பிறப்பும் கல்வியும்

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள், அக்காலத்து ருஷிய சாம்ராச்சியத்தைச் சேர்ந்த ஒடெஸ்ஸா என்னும் துறைமுகப் பட்டினத்தில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அந்நகரத்துச் சர்வகலாசாலையில் மெச்னிக்காவ் என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். யூதர் மீது கலகக்காரர் பாய்ந்த காலத்தில் தம் இனத்தாரைக் காக்க முன்னின்றமையால் சிறைப்பட்டதும் உண்டு. யூதராயிருந்தமையால் அந்நாட்டில் அவர்க்குப் பேராசிரியர் பதவிக்கு வழியில்லை; மதம் மாறினால் வழி திறக்கும் என்ற நிலையிலும் அவர் மாற இசைந்திலர். 1888-ஆம் ஆண்டில் தாய்நாட்டை நீத்து ஜினீவா சென்றார். அடுத்த ஆண்டு பாரீசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தை அடைந்து, நூல்நிலையத்தில் உதவியாளர் என்னும் சிறு வேலையை மேற்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி புரிந்தார்.

அங்கே வாந்திபேதிக் கிருமியை வளர்த்து, அதனைக் கொண்டே அந்நோயைத் தடுக்கும் ஊசிமருந்தைச் சமைத்தார். விலங்குகளிடத்துப் பயன்பட்டது. மனிதரிடத்து இன்னல் விளைக்குமோ என்னும் ஐயம் எழுந்தபோது, 1892-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் தம் உடம்பிலேயே அதனைக் குத்திக்கொண்டார். சில நாள் காய்ச்சல் கண்டு தெளிந்தார். ஆயினும் மருந்து தீங்கு செய்யாது என்பது வேறு. நன்மை செய்யும் என்பது வேறு. முன்னதைச் சிலரிடத்து ஓரளவு காணலாம். பின்னதைக் காண, நோய் மலிந்த நாட்டில் ஆயிரக்கணக்கான மக்களிடையே சோதித்தல் வேண்டும். முன்னர் இந்தியாவில் இராசப்பிரதிநிதியாக இருந்து, அப்போது பாரீசில் பிரிட்டிஷ் தூதராயிருந்த டப்ரின் பிரபு துணை நின்றமையால், ஹாப்கின் 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டை அடைந்தார்.

கல்கத்தாவிற் கண்ட நெறி

முதல் இரண்டரை ஆண்டுகளில் வடநாட்டிலும் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ஏறக்குறைய 42,000 பேர்க்கு ஊசி குத்தினார். ஆயினும் எத்தனை பேர்க்குக் குத்தினோம் என்னும் எண் எதனையும் மெய்ப்பிக்காது என்பதை அவர் உணர்ந்தார். குத்திக்கொண்ட ஆயிரவருள் ஒருவர்க்கும் நோய் வரவில்லை என்றால், அது மருந்தின் வலியா, அவ்வாண்டு அவ்வூர்க்கு நோயே வராமையா என்று யார் சொல்ல வல்லார்? நோய் கண்ட வீட்டிலேயே குத்திக்கொண்டவரும் குத்திக்கொள்ளாதவரும் ஒரே குளத்து நீரைக் குடித்து ஒரே கூரையின்கீழ் வாழும்போது, இரு சாராரையும் அருகருகே வைத்துப் பார்த்தலே நெறி எனக் கண்டார்.

1894-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கல்கத்தாவில் காட்டால்பாகான் என்னும் குடிசைப் பகுதியில் குளத்தைச் சுற்றி வாந்திபேதி தோன்றியது. அங்கிருந்த ஏறக்குறைய இருநூற்றுவருள் 116 பேர் ஊசி குத்திக்கொண்டனர். அதன் பின் அவ்விடத்தே நோய் கண்டவர் அனைவரும் குத்திக்கொள்ளாதவராகவே இருந்தனர். இவ்வாறு மருந்து பெறாமல் ஒப்புநோக்கும்பொருட்டு வைக்கப்படும் கூட்டத்தையே இந்நாளில் ஒப்புக் குழு என்கின்றனர். இஃதில்லாத சோதனை, கரையில் நின்று கடலாழம் சொல்வது போல்வதாம்.

பம்பாயில் மூண்ட பிளேக்கு

மலேரியாக் காய்ச்சலால் நலிந்து ஐரோப்பா சென்றிருந்த ஹாப்கின், 1896-ஆம் ஆண்டில் மீண்டு வந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரத்தில் பிளேக்கு மூண்டது. மக்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினர். அரசாங்கத்தார் அழைக்க, ஹாப்கின் கிராண்டு வைத்தியக் கல்லூரியின் ஒரு சிறு பகுதியில், மிகச் சில ஏவலாளரோடு இரவும் பகலும் உழைத்துச் சில மாதங்களுக்குள் தடுப்பூசி சமைத்தார். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், முன்போலவே முதல் ஊசியைத் தம் உடம்பிற் குத்துவித்துக்கொண்டார்.

அம்மாத இறுதியில் பைக்குல்லாச் சிறையில் நோய் புகுந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்ட கைதிகளில் தாமாக முன்வந்த ஏறக்குறைய 150 பேர் ஊசி பெற்றனர். ஏறக்குறைய 170 பேர் பெறவில்லை. மறுநாள் தொடங்கி எண்ணியபோது, பெறாதவருள் 12 பேர்க்கு நோய் கண்டு அவர்களில் 6 பேர் மாண்டனர். பெற்றவருள் 2 பேர்க்கே நோய் கண்டது, ஒருவரும் மாண்டிலர்.

இவ்வெண்களை இக்காலப் புள்ளியியலார் எவ்வாறு நோக்குவர்? முதற்கண், மருந்துக்கு யாதொரு பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வர். இவ்வாறு எதிர்க்கட்சியாக வைத்துக்கொள்ளும் எண்ணத்தை இன்மைக் கருதுகோள் என்பர். பயனில்லாத மருந்தாயின், நோய் கண்ட பதினால்வரும் இரு கூட்டத்திலும் தற்செயலாகவே சிதறியிருத்தல் வேண்டும். அங்ஙனம் தற்செயலாகவே 12-க்கு 2 என்னும் இத்தகைய ஏற்றத்தாழ்வோ, இதனினும் மிக்கதோ நேர்வதற்குரிய வாய்ப்பு எத்துணை என்று கணக்கிடுவர். அவ்வாய்ப்பின் பெயரே பி மதிப்பு. பைக்குல்லாவின் எண்களை நாம் கணக்கிட்ட அளவில் அது நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று. நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்தால் முடிவைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது என்று கொள்வது பிற்காலத்து வழக்கம். இவ்வெல்லையைப் பரவச் செய்தவர் பிஷர் என்னும் ஆங்கிலப் புள்ளியியற் பேராசிரியர். அவர் நூல் 1925-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐந்து என்பது மக்கள் இட்ட வரம்பேயன்றி இயற்கை இட்ட வரம்பன்று. பி மதிப்பு மூன்று என்றால் மருந்து பொய்யாயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று பொருள் கொள்வாரும் உளர், அது பிழை. மருந்து பொய் என்று வைத்துக்கொண்டால் இவ்வெண்கள் தோன்றும் வாய்ப்பே அது.

பி மதிப்பால் தீராத ஐயங்கள் சில உண்டு. முன்வந்த கைதிகளும் முன்வராத கைதிகளும் உடல்நலத்திலும் உறையும் இடத்திலும் ஒத்தவரா? குத்திக்கொண்ட அன்று மாலையே மூவர் நோயுற்று மாண்டனர். அவர்கள் முன்னமே நோயை உட்கொண்டிருந்தனர் என்று கருதி, மேற்சொன்ன கணக்கில் அவர்களைச் சேர்க்கவில்லை. அஃது ஒருகால் நியாயமே எனினும், ஆராய்ச்சியாளர் தாமே பின்னர் இவரைச் சேர்ப்போம், இவரை நீக்குவோம் என்று துணியத் தொடங்கின் முடிவு எங்கும் வளையும். ஆதலின், எக்கூட்டத்தில் யார் வைக்கப்பட்டனரோ அக்கூட்டத்திலேயே இறுதிவரை அவரை எண்ணுதல் வேண்டும் என்று இந்நாளில் விதி செய்துள்ளனர். நோய் காண்டலை எண்ணுவதா, இறப்பை எண்ணுவதா என்பதையும் சோதனை தொடங்குமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும். முடிவைக் கண்ட பின் அளவுகோலைத் தேர்தல், அம்பு தைத்த இடத்தைச் சுற்றி இலக்கு வரைதல் போல்வதன்றோ?

உந்தேரா என்னும் சிற்றூர்

ஹாப்கின் தாமும் இக்குறைகளை உணர்ந்தே 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பரோடா சமஸ்தானத்து உந்தேரா என்னும் சிற்றூரில் மற்றொரு சோதனை நடத்தினார். அவ்வூரில் பிளேக்கு முன்னமே புகுந்திருந்தது. வீடு வீடாக மக்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு ஊசி குத்தி, மறுபாதியை விட்டனர். ஆணும் பெண்ணும், முதியரும் சிறுவரும், வலியரும் மெலியரும் இரு பாலும் ஒத்திருக்குமாறு பார்த்துக்கொண்டனர். சில வாரங்கள் கழித்து எண்ணினர். நோய் புகுந்த 28 குடும்பங்களில் ஊசி பெற்றவர் 71 பேர். அவருள் நோய் கண்டவர் 8, மாண்டவர் 3. பெறாதவர் 64 பேர். அவருள் நோய் கண்டவர் 27, மாண்டவர் 26.

இவ்வெண்களைப் படிப்போர் ஒருகணம் நின்று எண்ணுதல் வேண்டும். ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவருள் ஒருவர் பிழைக்க, ஒருவர் மாண்டனர். 26 என்னும் எண் ஏட்டில் இரண்டு இலக்கம். உந்தேராவிலோ 26 பாடைகள். மருந்தின் பயன் அதுகாறும் உறுதிப்படாமையால் பாதிப்பேரை விட்டதைக் குற்றம் என்று கூறுதல் எளிதன்று. ஆயினும் அந்நாளில் கைதிகளும் குடியானவரும் தோட்டத் தொழிலாளரும் எவ்வளவு அறிந்து இசைந்தனர் என்று கேட்பது நம் கடமை. இந்நாளில் சோதனைக்கு உட்படுவோர் யாவும் அறிந்து எழுத்தால் இசைதல் வேண்டும். சோதனை நடுவிலேயே எண்களைப் பார்த்து, ஒரு பக்கத்தார்க்கு நன்மையோ தீமையோ தெளிவாயின் நிறுத்தச் சொல்லும் தனிக் குழுவும் உண்டு. உந்தேராக்களில் இறந்தோர் நமக்கு ஈட்டித் தந்த பாதுகாப்பு இஃது எனலாம்.

இனி இரு சோதனைகளையும், நோய் கண்டோரை மட்டும் கொண்டு, அருகருகே வைத்து நோக்குவோம். பைக்குல்லாவில் ஊசி பெறாதவருள் நூற்றுக்கு 7 பேர்க்கும், பெற்றவருள் நூற்றுக்கு ஒருவர்க்குச் சற்று மேற்பட்டும் நோய் கண்டது. நோய் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு, குறைந்தது. உந்தேராவில் பெறாதவருள் நூற்றுக்கு 42 பேர்க்கும், பெற்றவருள் நூற்றுக்கு 11 பேர்க்கும் கண்டது. குறைவு நூற்றுக்கு ஏறக்குறைய 73 பங்கு. இதற்குச் சார்பு இடர்க்குறைவு என்று பெயர். இதனை மட்டும் நோக்கின் பைக்குல்லாவிலேயே மருந்து மிகப் பயன்பட்டதாகத் தோன்றும். ஆனால் நேர் கழித்தலாக நோக்கின், பைக்குல்லாவில் நூற்றுவருள் 6 பேரும், உந்தேராவில் நூற்றுவருள் 31 பேரும் நோயினின்று தப்பினர். இது தனி இடர்க்குறைவு. ஒருவரைக் காக்க எத்தனை பேர்க்குக் குத்துதல் வேண்டும் என்று வினவின், பைக்குல்லாவில் ஏறக்குறைய 17 பேர்க்கு. உந்தேராவில் 3 அல்லது 4 பேர்க்கு. நோய் அரிதாகிய இடத்தில் தொண்ணூறு பங்கு குறைவு என்பதும் சிறு நன்மையாகலாம். நோய் மலிந்த இடத்தில் ஐம்பது பங்கு குறைவும் பெருநன்மையாகலாம். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் கொரோனாத் தடுப்பூசிகளைப் பற்றி நாள்தோறும் படித்த விழுக்காடுகள் சார்பு இடர்க்குறைவே. விளம்பரத்தில் விழுக்காட்டைக் காணும்போதெல்லாம், எத்தனையில் இத்தனை என்று உடனே வினவுதல் அறிவுடைமையாம்.

மற்றொரு சொல் நம்பிக்கை இடைவெளி என்பது. பைக்குல்லாவில் 80 பங்கு என்று கூறினோம்; ஆனால் அது பதினான்கு நோயாளரையே நம்பி நிற்கும் எண். மற்றொரு முறை அதே சோதனையை நடத்தின் வேறோர் எண் கிட்டும். ஆதலின் புள்ளியியலார் ஒரு புள்ளியைக் கூறி நில்லாது, மருந்தின் மெய்யான வலிமை இந்த எல்லைக்குள் இருத்தல் கூடும் என்று இரு கரையையும் காட்டுவர். இம்முறையால் நூறு சோதனைகளுக்கு எல்லை வரைந்தால், அவற்றுள் 95 எல்லைகள் மெய்யை உள்ளடக்கி நிற்கும் என்பது கருத்து. நாம் கணக்கிட்டபடி பைக்குல்லாவுக்கு அவ்வெல்லை நூற்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 95 வரை பரந்து கிடக்கின்றது. உந்தேராவுக்கோ 45 முதல் 87 வரை. நோயாளர் தொகை மிக, இடைவெளி சுருங்கும். ஆயிரம் சிப்பியைத் திறந்த வியாபாரி நூறு சிப்பியைத் திறந்த வியாபாரியினும் துணிந்து விலை கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

முல்கோவால் துயரம்

1899-ஆம் ஆண்டில் ஹாப்கினது ஆராய்ச்சிக்கூடம் பரேலில் உள்ள பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது. இலட்சக்கணக்கானோர்க்கு அங்கிருந்து மருந்து சென்றது. அவர் புகழ் ஓங்கியிருந்த காலத்தில், 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் ஊசி குத்திக்கொண்ட 107 பேருள் 19 பேர் இசிவு நோய் கண்டு மாண்டனர். நாடெங்கும் திகில் பரவியது. விசாரணைக் குழு பழியை ஆராய்ச்சிக்கூடத்தின் மேற் சுமத்தியது. ஹாப்கின் பதவி இழந்தார்.

ஒப்புநோக்கும் நெறியே ஈண்டும் அவர்க்குச் சான்றாக நின்றது. மாண்ட 19 பேரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர். அன்று வேறு புட்டிகளிலிருந்து பெற்ற 88 பேருள் ஒருவர்க்கும் அந்நோய் இல்லை. ஆகவே தீங்கு மருந்தினுடையதன்று, அவ்வொரு புட்டிக்கு நேர்ந்த கேடே என்பது தெளிவு. அக்கேடு கூடத்தில் நேர்ந்ததா, ஊரில் நேர்ந்ததா என்பதே வழக்கு. அவ்வூரில் புட்டியைத் திறக்கும்போது இடுக்கி தரையில் விழுந்ததென்றும், அதனை முறைப்படி தூய்மை செய்யாமலே பயன்படுத்தினர் என்றும் பின்னர் வெளிப்பட்டது. இலண்டன் லிஸ்டர் நிலையத்தாரும் ஆராய்ந்து அவர் பக்கம் நின்றனர். 1907-ஆம் ஆண்டில் மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் பதின்மர் இலண்டன் பத்திரிகையில் அவர்க்காக வழக்காடி எழுதினர். குற்றமற்றவர் என்று அரசாங்கத்தார் ஏற்று மீண்டும் அழைக்க, கல்கத்தாவில் வந்து பணி ஏற்றார். ஆயினும் பழைய தலைமை அவர்க்குத் திரும்பவில்லை. பெருவாரியான சோதனைகள் நடத்த இடமும் தரவில்லை.

பத்தொன்பது உயிரும் பெரியவே. அவற்றை எண்ணாது விடுதல் கொடுமை. ஆனால் அப்பத்தொன்பதை மட்டும் எண்ணி, ஊசியால் பிழைத்தவரை எண்ணாது விடுதலும் கொடுமையே. இறந்தவர்க்குப் பெயரும் ஊரும் உண்டு. நோய் வராமற் பிழைத்தவரோ தாம் பிழைத்ததையே அறியார். ஆதலின் ஊர்ப்பேச்சில் இறந்தவர் குரலே கேட்கும். இரு சாராரையும் ஒரே தராசில் நிறுத்த வல்லது எண்ணிக்கை ஒன்றே. எண்ணுதல் இரக்கமின்மை அன்று. கண்ணுக்குத் தெரியாதவர்க்கும் இரங்குதலே அது.

பின்னோர் முடித்த பணி

ஓய்வு பெற்ற பின் ஹாப்கின் ஐரோப்பா சென்று, இறுதிக் காலத்தைச் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரத்திற் கழித்து, 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் உயிர் நீத்தார். மணம் புரிந்துகொள்ளவில்லை. தம் பொருளை யூத மாணாக்கர் கல்விக்கு வைத்துச் சென்றார். அவர் நிறுவிய கூடம் 1925-ஆம் ஆண்டிலேயே ஹாப்கின் நிலையம் என்று பெயர் பெற்றது. 1964-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

அவர் தொடங்கியதைப் பின்னோர் செப்பஞ் செய்தனர். 1915-ஆம் ஆண்டில் கிரீன்வுட், யூல் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், வாந்திபேதி ஊசி, டைபாய்டு ஊசி ஆகியவற்றின் கணக்குகளை ஆராய்ந்து, நம்பத்தக்க ஒப்புநோக்கு இன்னது என்று வரையறுத்தனர். இரு கூட்டத்தாரும் மற்றெல்லா வகையிலும் ஒத்தவராதல், நோய்க்கு இருவரும் ஒத்த அளவில் ஆட்படுதல், ஊசி பெற்றமை அறிந்து நோயைத் தீர்மானியாமை என்பன அவர் கூறியவை. ஒத்தவராக்குவதற்கு வழி என்ன? தேர்ந்து பிரித்தால் தேர்பவர் மனச்சாய்வு புகும். ஆதலின் சீட்டுப் போட்டாற்போலப் பிரித்தலே வழி எனப் பின்னர்க் கண்டனர். இதுவே சமவாய்ப்புப் பங்கீடு. 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த இங்கிலாந்து ஸ்டிரெப்டோமைசின் சோதனையில், பிராட்போர்டு ஹில் என்பார் எந்த நோயாளி எக்கூட்டம் என்பதை ஒட்டிய உறைகளில் மறைத்து வைத்தார். காசநோயாளர் 107 பேருள் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் ஆறு மாதத்துள் மாண்டனர். உறை பிரியும்வரை யார்க்கும் தெரியாது என்பது, குவியல் பிரித்து முடியும்வரை குளிகாரர்க்குத் தெரியாது என்பதன்றி வேறென்ன? போலி மருந்து தந்து, உண்பவரும் தருபவரும் எது எதுவென்று அறியாதவாறு செய்யும் மறைப்பும் இவ்வறியாமையின் நீட்சியே.

இந்நெறி நம் தமிழ்நாட்டிலும் உலகறிந்த பயன் தந்தது. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை நோயாளர் 193 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நோய்மனையிலும் மறுபாதியைத் தத்தம் குடிசைகளிலும் வைத்து ஒரே மருந்தைத் தந்தனர். ஓராண்டிற்குப் பின் நோய்மனையில் நூற்றுக்கு 92 பேர்க்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேர்க்கும் நோய் அடங்கியது. வீட்டிலிருந்தவருடைய சுற்றத்தார்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. 1959-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தபின், காசநோயாளரைக் குடும்பத்தினின்று பிரித்து நெடுங்காலம் அடைத்து வைக்கும் வழக்கம் உலகெங்கும் தளர்ந்தது. ஊசியைப் பெரிதென்று காட்டுவதற்கு மட்டுமன்று, வேண்டாத துன்பத்தை நீக்குவதற்கும் எண்கள் துணையாதலை ஈண்டுக் காண்கின்றோம்.

முடிவுரை

ஹாப்கின் காலத்தில் பி மதிப்பு என்னும் பெயரில்லை. நம்பிக்கை இடைவெளி இல்லை. உறையிலிட்ட சீட்டும் இல்லை. அவர் சோதனைகளிற் குறைகள் உண்டென்பதை மேலே கண்டோம். ஆயினும் மருந்தை நம்புங்கள் என்று கூறாது, இரு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள் என்று உலகத்தார் முன் வைத்த துணிவு அவருடையது. புள்ளியியற் சொற்கள் யாவும் நடுவுநிலைமையின் வெவ்வேறு பெயர்களே. யாரோடு ஒப்பிட்டீர்? எவ்வாறு பிரித்தீர்? எத்தனை பேர்? தற்செயலாகவும் இது நேருமோ? நீக்கியவர் யார்? இவ்வைந்து வினாக்களையும் கேட்க வல்லவர் எந்த மருந்துச் செய்தியைக் கண்டும் மயங்கார்; வீணே அஞ்சவும் மாட்டார்.

நம் கடலில் முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. குவியல் பிரிக்கும் காட்சியை இனி நாம் காண்பதரிது. ஆயினும் பிரிப்பவனுக்குத் தன் பங்கு தெரியாதிருத்தலே நேர்மையான பங்கீடு என்று கரையோரத்து உழைப்பாளர் கண்ட உண்மை, மருத்துவ உலகில் இன்றும் வழங்குகின்றது. மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணாக்கர் அவ்வுண்மையையும், அதற்காக உழைத்துப் பழி சுமந்த ஹாப்கின் பெரியாரையும் மறவாதிருப்பாராக.